பாட்டுக்குள்ளே பங்காளிச் சண்டை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: இன்றைய ஆங்கிலப் பாட்டுகளில் பழைய பேண்டுகளின் சண்டை சச்சரவுகள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன? சரி, மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: லானா டெல் ரேயின் 'தி கிரேட்டஸ்ட்' பாட்டில் டென்னிஸ் என்று ஒருவர் வருகிறார். அதே வரியில் 'கொகோமோ' என்றும் வருகிறது. உள்ளே ஏதோ பழைய பகை இருக்கிறது என்கிறாள் என் மகள். யார் அந்த டென்னிஸ்? கொகோமோ எந்த ஊர்?

பதில்: உங்கள் மகளுக்குக் காது கூர்மை. டென்னிஸ் வில்சன், பீச் பாய்ஸ் குழுவின் டிரம்மர். 1961-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய குழு அது. பிரையன், டென்னிஸ், கார்ல் என்று மூன்று சகோதரர்கள், அவர்களின் அத்தை மகன் மைக் லவ், நண்பர் அல் ஜார்டீன். அலைச்சறுக்கைப் பற்றிப் பாடியே பெயர் வாங்கிய அந்தக் குழுவில் நிஜமாகவே பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனவர் டென்னிஸ் ஒருவர்தான். அவரே 1983 டிசம்பர் 28 அன்று மரீனா டெல் ரே படகுத்துறையில் மூழ்கி இறந்தார். வயது 39.

கொகோமோவைத் தேடி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். ஃப்ளோரிடா கீஸ் பக்கம் இருப்பதாக அந்தப் பழைய பாட்டு சொல்கிறது. பாட்டு எழுதப்பட்டபோது அங்கே அப்படி ஓர் ஊரே கிடையாது. 1988-ல் 'காக்டெயில்' படத்துக்காக பீச் பாய்ஸ் பாடியது அது. எழுதிய நால்வரில் குழுவைச் சேர்ந்தவர் மைக் லவ் மட்டும்தான். 'குட் வைப்ரேஷன்ஸ்' உட்படக் குழுவின் பெரிய பாட்டுகளுக்கெல்லாம் மெட்டுப் போட்ட பிரையன் அந்த ஒலிப்பதிவில் இல்லை. டென்னிஸ் உயிரோடு இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் முதலிடம்! 1966-க்குப் பிறகு அவர்களுக்கு முதலிடம் கிடைத்தது அப்போதுதான். (எனக்குப் பிடிக்காத பாட்டு. ஒருமுறை காதில் விழுந்தால் நாள் முழுக்க என் வாய் அதைத்தான் முணுமுணுக்கும் என்பது வேறு கதை.)

இப்போது லானாவின் வரிக்கு வருவோம். பீச் பாய்ஸ் போய் உட்காரும் மதுக்கடையை நினைத்து ஏங்கும் அவர், கொகோமோவுக்கு முன்னால் டென்னிஸ் கடைசியாக நின்ற இடம் அது என்கிறார். வழித்தடம் சொல்வதுபோல் இருக்கும். வருஷங்களைப் பொருத்திப் பாருங்கள். சகோதரர்களின் குழு ஒரு பக்கம், மைக் லவ்வின் குழு இன்னொரு பக்கம். நடுவில் ஒரு சாவு. அந்தக் குடும்பத்துப் பஞ்சாயத்து கோர்ட் வரைக்கும் போனது. பாட்டுகளின் உரிமையை 1969-ல் வில்சன் சகோதரர்களின் தகப்பனார் 7 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். வரி எழுதிய தன் பெயரையே போடவில்லை என்று மைக் லவ் 1992-ல் பிரையன் மேல் வழக்குப் போட்டார். 1994-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்து, 35 பாட்டுகளில் அவர் பெயர் ஏறியது. 2012-ல் ஐம்பதாண்டு விழாவுக்காக ஒன்றுகூடி ஊர் ஊராகப் பாடினார்கள். அது முடிந்ததும் பிரையன் இல்லாமலேயே மைக் லவ் பழையபடி கிளம்பிவிட்டார். பிரையன் 2025 ஜூனில் காலமானார்.

லானா இதையெல்லாம் நினைத்துத்தான் எழுதினாரா? நினைத்துத்தான் எழுதினார் என்பது என் கட்சி. அதே பாட்டின் முடிவில் 2018-ல் ஹவாய் மக்களை நடுங்க வைத்த பொய் ஏவுகணை எச்சரிக்கை வருகிறது, டேவிட் போவியின் பாட்டுப் பெயர் வருகிறது, கான்யே வெஸ்டின் தலைமுடி நிறம்கூட வருகிறது. இப்படிப் பொறுக்கி எடுத்து வைக்கிறவர் கொகோமோவை மட்டும் எதுகைக்காகப் போட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: டெய்லர் ஸ்விஃப்ட் 'கிளாரா போ' பாட்டில் ஸ்டீவி நிக்ஸைச் சொல்லும்போது ஏன் குறிப்பாக 75-ம் வருஷம்? ஃப்ளீட்வுட் மாக் சண்டையைத்தானே சொல்கிறார்?

பதில்: சண்டைக்கு முந்தைய வருஷத்தைச் சொல்கிறார். ஸ்டீவி நிக்ஸும் காதலர் லிண்ட்சி பக்கிங்ஹாமும் 1973-ல் ஒரு ஆல்பம் போட்டார்கள். போணியாகவில்லை. அப்போது ஃப்ளீட்வுட் மாக் குழுவுக்கு ஒரு கிட்டார்காரர் தேவைப்பட்டார். அவள் இல்லாமல் நான் வரமாட்டேன் என்று பக்கிங்ஹாம் சொல்ல, 1974 கடைசியில் இருவரும் சேர்ந்தார்கள். 1975-ல் வந்த ஆல்பம் ஓடு ஓடென்று ஓடியது. அடுத்த வருஷம் 'ரூமர்ஸ்' ஒலிப்பதிவின்போது இந்த ஜோடி பிரிந்திருந்தது. அதே குழுவில் இருந்த ஜான், கிறிஸ்டின் மெக்வி தம்பதியும் பிரிந்திருந்தார்கள். போதாததற்கு டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் வீட்டிலும் விரிசல்.

அதற்குப் பிறகு அவர்கள் பேச வேண்டியதையெல்லாம் பாட்டிலேயே பேசிக்கொண்டார்கள். பக்கிங்ஹாம் எழுதிய 'கோ யுவர் ஓன் வே'யில் ஒரு வரி தன்னை அசிங்கப்படுத்துகிறது, எடுத்துவிடு என்று ஸ்டீவி கேட்டார். அவர் எடுக்கவில்லை. அந்தப் பாட்டுக்குப் பின்னணியில் குரல் கொடுத்தவர்களில் ஸ்டீவியும் உண்டு, இதைவிடக் கொடுமை வேண்டுமா? ஸ்டீவி தன் பங்குக்கு எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' ஆல்பத்தில் இடமில்லை என்று கழற்றப்பட்டு, 'கோ யுவர் ஓன் வே' இசைத்தட்டின் மறுபக்கத்தில் போடப்பட்டது. ஒரே தட்டு, ஒரு பக்கம் அவர் திட்டுகிறார், திருப்பிப் போட்டால் இவர் சபிக்கிறார். 1997-ல் குழு மறுபடி கூடியபோது 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' மேடை ஏறியது. ஸ்டீவி பக்கிங்ஹாமை நேராகப் பார்த்து அதைப் பாடும் வீடியோ கிடைக்கும். பார்த்துவிடுங்கள்.

டெய்லரின் பாட்டுக்கு இந்தச் சண்டை அவசியமே இல்லை. ஒவ்வொரு புதுப் பெண்ணிடமும் "நீ அந்தப் பழைய நட்சத்திரம் மாதிரியே இருக்கிறாய்" என்று சொல்லும் வியாபாரிகளைப் பற்றிய பாட்டு அது. தலைப்பில் வரும் கிளாரா போவே மௌனப்படக் காலத்து நட்சத்திரம்தான். 1975 ஆல்பத்தில் 'ரியான்னன்', 'லேண்ட்ஸ்லைட்' இரண்டும் ஸ்டீவி எழுதியவை. பாராட்டுகிறவரோ தலைமுடியையும் உதட்டையும் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். குத்து அங்கேதான் இருக்கிறது, அதுவும் பக்கிங்ஹாமுக்கு இல்லை.

கேள்வி: ஒயாசிஸின் 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' தம்பி லியாமை நினைத்து அண்ணன் நோயல் எழுதியதுதானே?

பதில்: இல்லை. பாட்டு வந்தது 1995 ஆல்பத்தில், குழு உடைந்தது 2009-ல். தொடக்கத்தில் வரும் பியானோ ஜான் லெனனின் 'இமாஜின்'. படுக்கையிலிருந்து புரட்சி செய்யும் வரியும் லெனன் 1969-ல் படுக்கையில் கிடந்தபடியே போருக்கு எதிராகப் போராடியதிலிருந்து வந்தது. அண்ணன் தம்பி சண்டை பிரபலம் என்பதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டக்கூடாது.

கேள்வி: கிட் ராக் பாட்டில் வரும் 'ஸ்வீட் ஹோம் அலபாமா' யாரையோ திட்டும் பாட்டாமே? கேட்டால் குதூகலமாகத்தானே இருக்கிறது?

பதில்: திட்டுவதும் குதூகலமான வேலைதானே! அமெரிக்கத் தென் மாநிலங்களின் நிறவெறியைக் கண்டித்து நீல் யங் 1970-ல் 'சதர்ன் மேன்', 1972-ல் 'அலபாமா' என்று இரண்டு பாட்டுகள் பாடினார். ஊரையே மொத்தமாகத் திட்டுவதா என்று கோபப்பட்டு லினர்ட் ஸ்கினர்ட் குழு 1974-ல் பாடிய எசப்பாட்டுதான் 'ஸ்வீட் ஹோம் அலபாமா'. இதில் ஒளிவு மறைவே கிடையாது, நீல் யங்கைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் எழுதிய மூன்று பேரில் ஒருவர்கூட அலபாமாக்காரர் இல்லை. இருவர் ஃப்ளோரிடா, ஒருவர் கலிஃபோர்னியா.

ஆனால் அது ஜென்மப் பகை கிடையாது. 1977-ல் வந்த 'ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்' ஆல்பத்தின் அட்டையில் பாடகர் ரானி வான் ஸான்ட் போட்டிருக்கும் பனியனைப் பாருங்கள், நீல் யங் படம் போட்டது. ஆல்பம் வெளியான மூன்றாம் நாள் விமான விபத்தில் ரானி இறந்தார். பல ஆண்டுகள் கழித்துத் தன் வாழ்க்கை வரலாற்றில் நீல் யங், 'அலபாமா' வரிகள் தனக்கே பிடிக்கவில்லை, அந்தக் குட்டு தனக்கு வேண்டியதுதான் என்று எழுதினார்.

உங்கள் கிட் ராக் 2008-ல் செய்தது என்ன? 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வையும் வாரன் ஸீவானின் 'வேர்வுல்வ்ஸ் ஆஃப் லண்டன்' மெட்டையும் கலந்து கோடை விடுமுறைப் பாட்டு ஒன்று போட்டார். இந்த ஸீவான் யார் தெரியுமா? 1980-ல் ஒரு பாட்டில், ஒரு நாட்டுப்புறக் குடும்பத்தின் அவலத்தையெல்லாம் அடுக்கிவிட்டு, அந்தச் செத்துப்போன பேண்டின் 'ஸ்வீட் ஹோம் அலபாமா'வைப் போடுங்கள் என்று நக்கலடித்தவர். நக்கல் செய்தவரையும் நக்கல் செய்யப்பட்டவர்களையும் ஒரே தாளத்தில் ஆட விட்டிருக்கிறார் கிட் ராக். சண்டையின் சுவடே இல்லை. இதே கதையைச் சண்டையோடும் சமாதானத்தோடும் கேட்க வேண்டுமென்றால் டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழுவின் 'ரானி அண்ட் நீல்' (2001) கேளுங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

கேள்வி: எந்தப் பாட்டைக் கேட்டாலும் யாரையோ குத்துகிற மாதிரியே தோன்றுகிறது. எது நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குத்து வாங்கியதாக நினைத்தவரே ஏமாந்த கதை ஒன்று உண்டு. பீட்டில்ஸ் உடைந்த பிறகு 1971 மே மாதம் பால் மெக்கார்ட்னி 'ராம்' ஆல்பம் போட்டார். அதில் 'டூ மெனி பீப்பிள்' தன்னைத்தான் குத்துகிறது என்று லெனன் நினைத்தார். சரியாகத்தான் நினைத்தார், பாலே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 'டியர் பாய்' பாட்டும் தன்னைத்தான் என்று நினைத்தார். அது பாலின் மனைவி லிண்டாவுடைய முதல் கணவரைப் பற்றியது! கூடவே வாழ்ந்து கூடவே பாட்டு எழுதிய லெனனுக்கே இந்தக் கதி என்றால் நமக்கெல்லாம் எம்மாத்திரம்?

ஆத்திரத்தில் லெனன் அதே ஆண்டு செப்டம்பரில் 'ஹவ் டூ யூ ஸ்லீப்?' என்று திருப்பி அடித்தார். கிட்டார் வாசித்தது ஜார்ஜ் ஹாரிசன், அதாவது இன்னொரு பங்காளி. பாலின் பாட்டுத் தலைப்புகளையே எடுத்து அவர் மேல் வீசினார். அந்தப் பாட்டு வந்த ஆல்பத்துடன் ஓர் அஞ்சலட்டை வேறு: 'ராம்' அட்டையில் பால் செம்மறிக் கிடாவின் கொம்பைப் பிடித்து நிற்பார், இதில் லெனன் ஒரு பன்றியின் காதைப் பிடித்திருப்பார். ஆனால் என்னை அசத்தியது வேறொன்று. 1969-ல் பால் செத்துவிட்டார், அதற்கான துப்புகள் பாட்டுகளில் ஒளிந்திருக்கின்றன என்று அமெரிக்க ரேடியோக்களில் ஒரு புரளி ஓடியது. பால் உயிரோடு இருக்கிறார் என்று லைஃப் பத்திரிகை அட்டையில் போட வேண்டியிருந்தது. அந்தக் கிறுக்கர்கள் சொன்னது சரிதான் என்று லெனன் இந்தப் பாட்டில் பாடுகிறார். துப்புத் தேடுகிறவர்களைக் கிண்டல் செய்து 1968-லேயே 'கிளாஸ் ஆனியன்' பாடியவர், கோபம் வந்ததும் அவர்களுடைய புரளியையே கையில் எடுத்துக்கொண்டார்.

என் வழி இதுதான்: பெயர், வருஷம், இடம், இன்னொரு பாட்டின் தலைப்பு என்று நாலு பேர் சரிபார்க்கக்கூடிய ஏதாவது வரியில் இருந்தால் நின்று கேட்பேன். 'நீ', 'அவன்', 'துரோகி' என்று மட்டும் வந்தால் கடந்து போய்விடுவேன்.

கேள்வி: 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாட்டில் ஈகிள்ஸ் குழுவினர் ஸ்டீலி டான் குழுவைத் தாக்கியிருக்கிறார்களாமே?

பதில்: தாக்கவில்லை, கண்ணடித்தார்கள். 1976-ல் ஸ்டீலி டான் பாட்டு ஒன்றில், சண்டை போடும் ஜோடியில் ஒருவர், அக்கம்பக்கம் கேட்கிறது, ஈகிள்ஸ் பாட்டைச் சத்தமாக வை என்பார். அதே ஆண்டு ஈகிள்ஸ் தங்கள் பாட்டில் 'ஸ்டீலி' கத்திகளைச் செருகிப் பதில் மரியாதை செய்தார்கள். இரு குழுவுக்கும் மேனேஜர் ஒருவரேதான். ஈகிள்ஸின் உண்மையான குத்துவெட்டு உள்ளுக்குள் நடந்தது. 1980-ல் மேடையிலேயே பாட்டுக்குப் பாட்டு, இதை முடித்ததும் உன்னை உதைக்கிறேன் என்று இரண்டு பேர் மிரட்டிக்கொண்டார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தபோது ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்'. நரகமே உறைந்தாலொழிய நடக்காது என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அது.

கேள்வி: பீட்டில்ஸ் சண்டையில் ரிங்கோ ஸ்டார் யாரையுமே குத்தவில்லையா?

பதில்: 1971-ல் வந்த 'இட் டோன்ட் கம் ஈஸி' தட்டின் மறுபக்கத்தில் 'எர்லி 1970' என்று ஒரு பாட்டு இருக்கிறது. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு சரணம். ஊருக்கு வந்தால் ஜான் நிச்சயம் என்னோடு வாசிப்பான், ஜார்ஜ் எப்போதும் என்னோடுதான் வாசிக்கிறான் என்கிறார். பால் விஷயத்தில் மட்டும், வந்தால் என்னோடு வாசிப்பானோ என்னவோ என்று இழுக்கிறார். தட்டு வெளியானபோது பால் மற்ற மூவர் மேலும் லண்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். ரிங்கோவிடமிருந்து வந்த அதிகபட்சக் குத்து இவ்வளவுதான். 1973-ல் ரிங்கோ போட்ட ஆல்பத்துக்கு மூன்று பேரும் தனித்தனியாகப் பாட்டு கொடுத்து, வாசித்தும் கொடுத்தார்கள், பால் உட்பட.