ரெகே பாடகர்களின் இசைத்தட்டுகள்: எந்தப் பதிவுக்குக் காசு கொடுக்கிறோம்?

கேள்வி: ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் கென் பூத் பாடிய 'எவ்ரிதிங் ஐ ஓன்' பாட்டுக்காகவே மலிவான தொகுப்பு சிடி ஒன்றை வாங்கினேன். குரல் அவருடையதுதான். ஆனால் டிரம்ஸ் மெஷினில் அடித்தது போல இருக்கிறது, பாட்டும் நான் கேட்டுப் பழகியது போல இல்லை. இது போலியா?

பதில்: போலியாக இருக்க வாய்ப்பு குறைவு. அவரே பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிவு செய்ததாக இருக்கும். டேவிட் கேட்ஸ் எழுதி, பிரெட் குழு 1972-இல் வெளியிட்ட பாட்டு இது. லாய்ட் சார்மர்ஸ் தயாரிப்பில் கென் பூத் பாடியதை 1974-இல் ட்ரோஜன் நிறுவனம் லண்டனில் வெளியிட்டது. பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பதிவின் உரிமை ட்ரோஜனோடு போய்விட்டது. அதற்கு உரிமத் தொகை கட்ட விரும்பாத மலிவுத் தொகுப்பாளர்கள், பாடகரை ஸ்டூடியோவுக்கு அழைத்து, கீபோர்டும் டிரம் மெஷினும் வைத்துப் பழைய பாட்டுகளைத் திரும்பப் பாடவைத்து விற்பார்கள். சட்டப்படி தப்பில்லை. ஆனால் நீங்கள் தேடியது அதுவல்ல.

வாங்கும் முன் பின்னட்டையின் பொடி எழுத்தைப் படியுங்கள். 'ரீ-ரெக்கார்டட்' என்ற சொல் அங்கேதான் ஒளிந்திருக்கும். வட்டத்துக்குள் 'பி' எழுத்துப் போட்ட வரியில் பதிவின் ஆண்டும் உரிமையாளர் பெயரும் வரும். தொகுப்பு வெளியான ஆண்டை மட்டும் அச்சிடுவதும் உண்டு என்பதால், யாரிடம் உரிமம் பெற்றது என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ட்ரோஜனின் பழைய பதிவுகள் 2013 முதல் பிஎம்ஜி என்ற இசை நிறுவனத்தின் கையில். பாட்டின் நீளத்தை ட்ரோஜன் வெளியீட்டோடு ஒப்பிடுங்கள். பத்துப் பதினைந்து வினாடி வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படலாம். அட்டையில் இளவயதுப் படம் இருப்பதை நம்பவே வேண்டாம். பல்லவியில் 'எவ்ரிதிங்' என்பதற்குப் பதில் 'எனிதிங்' என்று பாடுவதை வைத்தும் முடிவுகட்டாதீர்கள், 1974 பதிவிலேயே அப்படித்தான் பாடியிருக்கிறார்.

'ஒரிஜினல் ரெக்கார்டிங்ஸ்' என்று போட்டு விற்றிருந்தால், பொருள் விவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பொடி எழுத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கேட்பது கடினம்.

கேள்வி: பாப் ஆண்டியும் மார்சியா கிரிஃபித்ஸும் பாடிய 'யங், கிஃப்டட் அண்ட் பிளாக்' ஒரு தட்டில் வயலின்களோடும் இன்னொன்றில் வயலின் இல்லாமலும் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: இரண்டும் அசல்தான். நினா சிமோனின் பாட்டை ஹாரி ஜான்சன் ஜமைக்காவில் இவர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார். பிரிட்டிஷ் வானொலிக்கு ஏற்றாற்போல் இருக்கட்டும் என்று லண்டனில் ஜானி ஆர்த்தி வயலின்களை மேலே சேர்த்தார். 1970-இல் பிரிட்டனில் ஐந்தாம் இடம் வரை போனது அந்த வடிவம். வயலின் இல்லாததில் பேஸும் இரண்டு குரல்களும் முன்னால் வந்து நிற்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதைத்தான் சொல்வேன். விற்பனைப் பக்கத்தில் 'வித் ஸ்ட்ரிங்ஸ்' என்றோ 'நோ ஸ்ட்ரிங்ஸ்' என்றோ இல்லையென்றால் விற்பவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஜான் ஹோல்டின் '1000 வோல்ட்ஸ் ஆஃப் ஹோல்ட்' (1973) வேறு ரகம். அந்த ஆல்பத்துக்கு வயலின்கள்தான் முகம். அதில் வயலின் இல்லாத வடிவத்தைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: ஜமைக்காவில் அச்சான 7 அங்குலத் தட்டு 'வெரி குட்' தரம் என்று நல்ல விலைக்கு வருகிறது. அதை வாங்கலாமா, புது மறுவெளியீட்டை வாங்கலாமா?

பதில்: தரவரிசையில் 'மின்ட்', 'நியர் மின்ட்', 'வெரி குட் பிளஸ்' மூன்றுக்கும் கீழேதான் 'வெரி குட்' வருகிறது. பாட்டின் மெல்லிய இடங்களில் எல்லாம் கரகரப்புக் கேட்கும். பார்த்துத் தரம் போட்டாரா, ஓட்டிக் கேட்டுப் போட்டாரா என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஜமைக்கா அச்சில் அடிக்கடி வரும் குறை, துளை நடுவில் இல்லாமல் போவது. தட்டு சுழலும்போது ஊசிக்கை இடமும் வலமுமாக ஆடும்; பாடகர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தில் சுருதி அலையும். தாளத்தில் தெரியாத இந்த அலைவு குரலில் உடனே தெரிந்துவிடும். இந்தத் தட்டுகளின் பெரிய துளை சுமார் 38 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றுச் சிறிய அடாப்டரைப் போட்டால் தட்டை மயிரிழை நகர்த்தி, கை ஆடாத இடத்தில் வைத்து ஓட்டலாம்.

லேபிளைப் பார்த்து 'முதல் அச்சு' என்று விலை கொடுக்காதீர்கள். தட்டை அச்சிடும் உலோக அச்சான பழைய ஸ்டாம்பரையே வைத்துப் பல வருடம் கழித்தும் அடித்திருக்கிறார்கள். பாடகர் பெயர் மாறி அச்சான லேபிள்களும் ஏராளம். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் உள்ள வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் எண்ணின் படத்தைக் கேட்டு வாங்கி, அச்சு விவரப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

மறுவெளியீட்டிலும் கவனம் தேவை. ஸ்டூடியோவின் மூல நாடாவான மாஸ்டர் டேப் தொலைந்துபோன பாட்டுகளைப் பழைய தட்டிலிருந்தே எடுத்து அச்சிடுவது உண்டு. ஒலி மங்கி மறையும் கடைசி வினாடிகளை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்த மறுவெளியீட்டின் டிஜிட்டல் வடிவத்திலும் அங்கே பொரிகிற சத்தம் கேட்டால் மூலம் ஒரு பழைய தட்டு. ஜமைக்காவின் ஸ்டூடியோ ஒன் நிறுவன வெளியீடுகளில் இன்னொரு சிக்கல்: 60-களின் பதிவுகள் சிலவற்றின் மேல் 70-களில் புது வாத்தியங்களை ஏற்றி வெளியிட்டார்கள். பழைய ஒலிதான் வேண்டுமென்றால் அதையும் விசாரியுங்கள்.

'ஸ' ஒலி சீறினால் தட்டைக் குறை சொல்லும் முன் ஊசி தட்டை அழுத்தும் எடையைச் சரிபாருங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்ற ஊசித்தலைக்கு (கார்ட்ரிட்ஜ்) 2 கிராம். எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. ஊசி பள்ளத்தில் பதியாமல் துள்ளித்தான் தட்டைக் கெடுக்கும்.

கேள்வி: 'ரெட் ரெட் ஒயின்' யுபி40 குழுவின் பாட்டுதானே?

பதில்: நீல் டயமண்ட் எழுதிப் பாடியது. 1969-இல் டோனி ட்ரைப் அதை ரெகேயாக்கினார். யுபி40 1983-இல் 'லேபர் ஆஃப் லவ்' ஆல்பத்தில் பின்பற்றியது அவரைத்தான். டோனி ட்ரைப் பாடியது ட்ரோஜன் தொகுப்புகளில் கிடைக்கும், தனித் தட்டுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரவழைத்த எல்பி ஒன்றின் உறை ஓரம் கிழிந்து வந்தது. எப்படித் தவிர்ப்பது?

பதில்: வழியில் குலுங்கும்போது உள்ளே இருக்கும் தட்டுதான் உறையின் ஓரத்தைக் கிழிக்கிறது. தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் விறைப்பான அட்டை கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீல் பிரிக்காத புதுத் தட்டு என்றால் பிரித்து அனுப்பச் சம்மதம் என்று ஆர்டர் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் விற்பவர் தொடமாட்டார். பார்சலைத் திறப்பதை வீடியோ எடுத்து வைத்தால் பணம் திரும்பக் கேட்கும்போது பேச்சு வளராது.