புதிதாகச் சேர்த்த மெஷின்களின் லாக் மட்டும் சர்வருக்கு வரவில்லையா?

கேள்வி: எங்களிடம் ஒரு மத்திய லாக் சர்வரும் 14 லினக்ஸ் கிளையன்ட்களும் உள்ளன. எல்லாவற்றிலும் லாக்கைத் திரட்டி அனுப்பும் ஆர்சிஸ்லாக் (rsyslog) மென்பொருள்தான். புதிதாகச் சேர்த்த 3 மெஷின்களின் லாக் மட்டும் சர்வரில் தெரிவதே இல்லை. அவற்றிலிருந்து டெல்நெட் அடித்தால் 514 போர்ட் திறக்கிறது. சப்போர்ட் ஒப்பந்தக்காரர் ஃபயர்வாலையும் எஸ்இலினக்ஸையும் (லினக்ஸின் பாதுகாப்புக் கட்டுப்பாடு, SELinux) நிறுத்தச் சொல்கிறார். அதிலும் சரியாகாவிட்டால், ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று லைசென்ஸ் கட்டும் மென்பொருளுக்கு மாறிவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். மற்ற 11 மெஷின்களின் லாக் வருகிறதென்றால் சர்வர் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் பாதுகாப்பைக் கழற்றிப் போட எந்தக் காரணமும் இல்லை.

முதலில் டெல்நெட்டை நம்புவதை விடுங்கள். லாக் டிசிபி, யூடிபி என்ற இரண்டு வழிகளில் ஒன்றில் போகும்; டெல்நெட் டிசிபி வழியை மட்டும்தான் சோதிக்கும். கிளையன்ட் கான்ஃபிக்கில் சர்வர் முகவரிக்கு முன்னால் @ ஒன்று இருந்தால் லாக் யூடிபியில் போகும். @@ என்று இரண்டு இருந்தால்தான் டிசிபி. ஒரு குறி விட்டுப்போனால் வழியே மாறிவிடுகிறது, ஒரு எச்சரிக்கைகூட வராது. இத்தனை காலமாக இதை இப்படியே விட்டுவைத்திருப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது. சர்வரில் எஸ்எஸ் (ss) கட்டளை கொடுத்து 514-ல் யூடிபி, டிசிபி இரண்டும் கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனி மாட்யூல். கான்ஃபிக் ஃபைலில் பெரும்பாலும் # போட்டு மூடியே வரும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு இன்னொன்றை மறப்பது சகஜம்.

அடுத்து, புது மெஷின் ஒன்றில் லாகர் (logger) கட்டளையால் 'சோதனை-12' போல வேறெங்கும் வராத ஒரு வரியை அனுப்புங்கள். பிறகு சர்வரில் அந்த மெஷினின் ஃபோல்டரில் மட்டும் தேடாமல், லாக் வந்து சேரும் அடைவு முழுவதிலும் கிரெப் (grep) கட்டளையால் தேடுங்கள். உங்கள் விஷயத்தில் அந்த வரி வேறொரு ஃபோல்டரில் அகப்படத்தான் வாய்ப்பு அதிகம்.

காரணம் இதுதான். எந்த ஃபோல்டரில் எழுதுவது என்பதை, கிளையன்ட் தன் செய்தியில் போட்டு அனுப்பும் ஹோஸ்ட்நேமை வைத்துத்தான் பெரும்பாலான சர்வர்கள் முடிவு செய்கின்றன. புது மெஷின்களைப் பழைய மெஷினிலிருந்து குளோன் செய்திருந்தால் (அப்படியே நகலெடுத்திருந்தால்), மூன்றும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். லாக் அந்தப் பழைய மெஷினின் ஃபைலில் கலந்துவிடும். பெயரே வைக்காவிட்டால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற ஃபோல்டரில் போய்க் குவியும். ஹோஸ்ட்நேம்சிடிஎல் (hostnamectl) கட்டளை கொடுத்து மூன்றுக்கும் தனிப்பெயர் வையுங்கள், ஆர்சிஸ்லாக்கை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட்டை மறந்தால் பழைய பெயரே தொடரும்.

பெயர்த் தொல்லையே வேண்டாமென்று ஃபோல்டர் பெயரை அமைக்கும் சர்வர் டெம்ப்ளேட்டில் ஹோஸ்ட்நேமுக்குப் பதில் அனுப்பியவரின் ஐபியை வைப்பார்கள். நல்ல வழிதான், ஒரு இடம் தவிர. கிளையன்ட்கள் நேட்டுக்கு (பல மெஷின்களை ஒரே ஐபியாகக் காட்டும் அமைப்பு, NAT) பின்னால் இருந்தாலோ, இடையில் ஒரு ரிலே சர்வர் லாக்கை வாங்கி அனுப்பினாலோ, உங்கள் சர்வருக்குத் தெரிவது கடைசியாக அனுப்பிய பெட்டியின் ஐபி மட்டும்தான். அதற்குப் பின்னால் இருப்பது 3 மெஷினோ 30 மெஷினோ, எல்லாம் ஒரே ஃபோல்டர். இப்படிப்பட்ட அமைப்பில் ஃபோல்டருக்கு ஐபி, அதற்குள் ஃபைலுக்கு ஹோஸ்ட்நேம் என்று இரண்டையும் சேர்த்து வையுங்கள். அப்போதும் ஹோஸ்ட்நேம்கள் தனித்தனியாக இருந்தே ஆகவேண்டும். நேட்டுக்குப் பின்னால் இரண்டு மெஷின் ஒரே பெயரில் இருந்தால் இந்த ஏற்பாடும் அவற்றைப் பிரிக்காது.

கிரெப்பில் எங்குமே அகப்படவில்லையா? சர்வரில் டிசிபிடம்ப்பை (வந்துபோகும் பாக்கெட்டைக் காட்டும் கருவி, tcpdump) 514 போர்ட்டுக்கு ஓடவிட்டு மறுபடி அனுப்புங்கள். பாக்கெட் தெரியவே இல்லையென்றால் சிக்கல் கிளையன்ட்டிலோ இடைப்பட்ட நெட்வொர்க்கிலோ இருக்கிறது. பாக்கெட் தெரிகிறது, ஃபைலில் மட்டும் இல்லை என்றால் சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள். டிசிபிடம்ப் உள்ளே வரும் பாக்கெட்டை ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பார்த்துவிடும். அதில் தெரிந்தது ஆர்சிஸ்லாக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்ததாக அர்த்தமில்லை. யூடிபிக்கான விதியில் பழைய 11 ஐபி மட்டும் பட்டியலில் இருக்கலாம். புதிய மூன்றையும் சேருங்கள், நிரந்தர விதியாகச் சேர்த்தால் ரீலோடும் கொடுங்கள். ஃபயர்வாலை நிறுத்தத் தேவையே இல்லை.

பாக்கெட்டே கிளம்பாத கிளையன்ட்டில், லாகருக்கு சர்வர் முகவரியையும் போர்ட்டையும் நேரடியாகக் கொடுத்து அனுப்பிப் பாருங்கள். இது உள்ளூர் ஆர்சிஸ்லாக்கைத் தாண்டிப் போகும். இப்படி அனுப்பினால் போகிறது, சாதாரணமாக அனுப்பினால் போகவில்லை என்றால் கான்ஃபிக்கில்தான் பிழை. கூடுதல் கான்ஃபிக் ஃபைல்கள் பெயரின் அகரவரிசைப்படி படிக்கப்படும். முன்னால் வரும் ஃபைலில் 'ஸ்டாப்' என்றிருந்தால், அதில் சிக்கிய செய்தி பின்னால் இருக்கும் ஃபார்வர்டு வரிக்கு வந்தே சேராது. ஆர்சிஸ்லாக்டியை -N1 (பெரிய எழுத்து N) ஆப்ஷனோடு ஓட்டினால் எழுத்துப் பிழைகளைக் காட்டும், இந்த வரிசைப் பிழையைக் காட்டாது.

எஸ்இலினக்ஸை நிறுத்தச் சொல்பவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஆடிட் லாக்கில் மறுப்புப் பதிவு எங்கே? ஏயுசர்ச் (ausearch) கட்டளையில் அந்த மறுப்பைக் காட்டும் ஏவிசி (AVC) பதிவு எதுவும் இல்லையென்றால் அதன்மேல் பழி போட முடியாது. லாக்கை 5140 போன்ற வேறு போர்ட்டுக்கு மாற்றியிருந்தால் எஸ்இலினக்ஸ் தடுக்கக்கூடும். செமனேஜ் (semanage) கட்டளையால் அந்தப் போர்ட்டை சிஸ்லாக் வகையில் சேர்த்தால் போதும். எஸ்இலினக்ஸின் தடையைத் தற்காலிகமாக விலக்கும் செட்என்ஃபோர்ஸ் 0 (setenforce 0) போட்டு 'சரிசெய்து' விட்டுப் போகிறவரின் வேலை அடுத்த ரீபூட் வரைதான் நிற்கும். பிறகு இன்னொரு விசிட், இன்னொரு பில்.

லைசென்ஸ் மென்பொருளும் இதே நெட்வொர்க்கில்தான் ஓடும், இதே ஹோஸ்ட்நேமைத்தான் படிக்கும். குளோன் பெயரைத் திருத்தாமல் வாங்கினால், கலந்துபோன லாக்குக்கு ஜிபி கணக்கில் பணம் கட்டுவீர்கள். லாக் எங்கே போய் விழுகிறது என்று எழுத்தில் காட்டாத ஒப்பந்தக்காரரிடம் கொட்டேஷன் வாங்காதீர்கள்.

எல்லாம் வரத் தொடங்கியதும் கிளையன்ட்களில் டிசிபிக்கு மாறி, ஃபார்வர்டு ஆக்‌ஷனுக்கு டிஸ்க் கியூவும் (சர்வர் கிடைக்காதபோது லாக்கை டிஸ்க்கில் காத்துவைக்கும் வரிசை) வையுங்கள்: கியூ வகை லிங்க்ட்லிஸ்ட் (LinkedList), கியூவுக்கு ஒரு ஃபைல் பெயர், 1 ஜிபி உச்சவரம்பு, ஷட்டவுனில் சேமிப்பு ஆன், மறுமுயற்சி எண்ணிக்கை மைனஸ் 1. மறுமுயற்சி இயல்பாக 0 என்றே வருகிறது. அப்படியே விட்டால் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும் நேரத்து லாக் திரும்பக் கிடைக்காது. உச்சவரம்பு போடாமல் விட்டால், சர்வர் நீண்ட நேரம் படுத்திருக்கையில் கிளையன்ட்டின் டிஸ்க் நிரம்பிவிடும்.