சேதுச் சீமையின் பழைய புகைப்படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பள்ளியில் ஊர் வரலாற்றுக் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்து வருகிறோம். இராமநாதபுரம், பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் முதல் உலகப் போருக்கு முன்பே புகைப்படம் எடுத்திருக்கிறார்களா? எடுத்தவர்கள் யார்?
– ஆசிரியை ஒருவர், இராமநாதபுரம்

பதில்: எடுத்திருக்கிறார்கள். ஆனால் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் வாய்த்த அளவுக்கு நம் கடற்கரைக்கு வாய்க்கவில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரைக் கோயிலையும், அப்போது பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலையும் மெழுகு பூசிய தாள் நெகடிவ்களில் பதிவு செய்தார். அந்தப் படங்களைப் பார்ப்பவருக்கு, அவர் இன்னும் சில நாள் கிழக்கே வண்டி கட்டியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் வராமல் போகாது.

வராததற்குக் காரணங்கள் இருந்தன. மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது 1902-இல்தான். அதற்கு முன்பு மாட்டு வண்டியிலோ கடல் வழியாகவோதான் இங்கே வந்து சேர முடியும். 1851-க்குப் பின் பரவிய ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். ஆகவே புகைப்படக்காரர் கேமராவோடு இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், கனத்த கண்ணாடித் தகடுகள், தகடு கழுவ நல்ல தண்ணீர் ஆகிய எல்லாவற்றையும் கூடவே கொண்டு வர வேண்டியிருந்தது. நம் வெயிலில் தகடு எவ்வளவு விரைவாகக் காய்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், கிடைத்துள்ள ஒவ்வொரு படத்தின் மீதும் மரியாதை கூடுகிறது.

இத்தனை இடர்களையும் தாண்டி அவர்களை இங்கே இழுத்தது இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரம். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் 1876-இல் அதை வியந்து எழுதியதற்குப் பின், சென்னையில் தொழில் நடத்திய நிக்கோலஸ் கம்பெனி போன்ற ஸ்டூடியோக்களுக்கு அந்தப் பிராகாரத்தின் படம் நன்றாக விலைபோகும் சரக்கானது. அத்தகைய படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். தூண் வரிசை மங்கிச் சென்று ஒரு புள்ளியில் முடியும். முன்னால் உள்ள தூணடியில், உயரத்தைக் காட்டுவதற்காகவே நிறுத்தப்பட்ட ஒருவர் மூச்சடக்கி நிற்பார். அவருக்கு அப்பால் தரையை ஒட்டி வெண்புகை போல ஏதோ கலைந்திருக்கும். உள்ளே வெளிச்சம் குறைவு என்பதால் லென்ஸை நெடுநேரம் திறந்து வைத்திருந்தார்கள்; அந்நேரத்தில் நடந்து போனவர்களின் தடம்தான் அந்தப் புகை. பிராகாரம் வெறிச்சோடிக் கிடந்ததாகக் கண்காட்சியில் விளக்கம் எழுதிவிடாதீர்கள்.

அரண்மனையைப் பொறுத்தவரை, பாஸ்கர சேதுபதி (1868–1903) காலத்து உருவப்படங்கள் பலருக்கும் தெரிந்தவை. அரண்மனை மண்டபமான இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களில் கிழவன் சேதுபதிக்குப் பின்வந்தவரைப் பார்த்த கண்ணோடு இந்த உருவப்படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அரசர் தம்மைக் காட்டிக்கொள்ள விரும்பிய விதம் ஓவியத்திலிருந்து கேமராவுக்கு எப்படி இடம்பெயர்ந்தது என்பது மாணவர்களுக்கு எளிதில் விளங்கும். கண்காட்சியில் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர், ஏறத்தாழ எந்த ஆண்டு, யாருக்காக எடுக்கப்பட்டது என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். படத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பாட்டனார் வைத்திருந்த அஞ்சல் அட்டை ஒன்றில் பாம்பன் பாலமும், இன்னொன்றில் ஒரு நீராவிக் கப்பலும் உள்ளன. இரண்டும் ‘போருக்கு முன்பு’ எடுத்தவை என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எந்தப் போர், எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், பாம்பன்

பதில்: உண்டு. வீட்டார் சொல்லும் ஆண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; முதலில் படத்தில் நிற்கும் பொருள்களைக் கேளுங்கள். பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது 24 பிப்ரவரி 1914. ஐரோப்பாவில் போர் மூண்டது அதே ஆண்டு ஆகஸ்டை ஒட்டி. அதாவது, முழுமை பெற்ற பாலத்தில் ரயில் ஓடும் படம் முதல் உலகப் போருக்கு முந்தையதாக இருக்க வேண்டுமானால், அது சில மாத இடைவெளிக்குள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ‘போர்’ என்று குறிப்பிட்டது 1939-இல் தொடங்கியதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பாலத்தின் நடுவே இரு பாதிகளாகப் பிரிந்து மேலெழும் ஷெர்சர் தூக்குப் பகுதி 1914 முதல் ஒரே வடிவில் இருந்ததால், அதை வைத்து ஆண்டைக் குறுக்க இயலாது. பக்கத்தில் சாலைப் பாலம் தெரிந்தால் படம் 1988-ஐ ஒட்டியதோ அதற்குப் பிந்தையதோதான். சாலைப் பாலம் இல்லாததை மட்டும் காட்டி, ‘வெள்ளைக்காரன் காலத்துப் படம்’ என்று பலர் பகிர்வதைக் காண்கிறேன். 1970-களில் எடுத்த படத்திலும் அது இருக்காது.

கப்பல் படம் உங்களுக்கு அதிகம் உதவும். பாலம் திறந்த ஆண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே, ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடக்கும் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயிலில் இறங்கியவர்கள் துறையிலேயே கப்பலேறிக் கொழும்புக்குப் போனார்கள். முதலில் ஓடிய கப்பல்களின் பெயர்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு. பின்னர் இர்வினும் கோஷனும் வந்தன. இர்வின் பிரபு வைஸ்ராயாகப் பொறுப்பேற்றது 1926-இல். கோஷன் பிரபு சென்னை ஆளுநரானது 1924-இல். அவர்கள் பெயரைத் தாங்கிய கப்பல் அதற்கு முந்தைய படத்தில் வர வழியில்லை. ஆகவே கப்பலின் முகப்பிலோ பின்புறத்திலோ உள்ள எழுத்துகளை நல்ல வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள்.

அட்டையைத் திருப்பியும் பார்க்க வேண்டும். முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த அட்டை பிரிட்டனிலேயே 1902-இல்தான் வந்தது. ஆகவே கோடு இருந்தால் அதற்கு முன்னே போக வேண்டாம். தபால் தலை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது: இந்தியத் தலைகளில் ஏழாம் எட்வர்டு 1902 முதலும், ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதலும், ஆறாம் ஜார்ஜ் 1937 முதலும் வருகிறார்கள். தபால் முத்திரை காட்டுவது அட்டை அனுப்பிய நாளைத்தான். படம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தையதாகவும் இருக்கலாம். விற்பனையான ஒரே படத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள்.

கோயில் படங்கள் உங்களிடம் இருந்தால் கீழைக் கோபுரத்தையும் கவனியுங்கள். நெடுங்காலம் முற்றுப்பெறாமல் நின்ற அந்தக் கோபுரம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஒன்பது நிலைகளோடு நிறைவடைந்தது. குறையாக நிற்கும் கோபுரம் தெரிந்தால், அந்தப் படம் உண்மையிலேயே பழையது.

கேள்வி: அஞ்சல் அட்டைகளில் காணும் வண்ணங்களை நம்பலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: நம்ப வேண்டாம். கருப்பு வெள்ளைப் படத்தின் மேல், இந்த ஊரையே பார்த்திராத தொழிலாளர்கள் அச்சகத்தில் ஏற்றிய வண்ணம் அது. சேலை பச்சையா சிவப்பா என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

கேள்வி: எந்தப் பழைய படத் தொகுப்பை எடுத்தாலும் கோயில், பாலம், அரண்மனைதான் வருகின்றன. கடலில் பாடுபட்ட எங்கள் முன்னோரின் படம் ஏன் இல்லை?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் நியாயமானது. படத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பயணிகளும் அதிகாரிகளும். அவர்கள் கேட்டது கோயிலும் காட்சியும். அசையும் வள்ளத்தையும் வலை இழுக்கும் கைகளையும் கலங்காமல் பிடிக்கும் வசதி, 1880-ஐ ஒட்டி உலர்தகடுகள் விற்பனைக்கு வந்த பிறகே பரவலாகக் கிடைத்தது.

ஆனாலும் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்கு குளிப்பையும் ஆராய இராமேசுவரத் தீவுக்கு வந்தவர். அவருக்குப் பின், சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் கீழக்கரைச் சங்கு குளிப்பவர்களைப் பற்றியும், பாக்கு நீரிணையில் பக்கவாட்டுப் பலகையில் ஆள் ஏறி நின்று சமன் செய்து ஓட்டும் வத்தைகளைப் பற்றியும் பொறுமையாக எழுதிவைத்தார். அவர்களுடைய எழுத்துகளோடு வந்த படங்களில் நம் படகுகள் இருக்கின்றன. பாய் எப்படிக் கட்டப்பட்டது, பலகை எங்கே இணைந்தது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும்.

தெரியாமல் போனது படகில் நிற்பவரின் பெயர். அளவுகோலாகவும் ‘இனத்துக்கு எடுத்துக்காட்டாகவும்’ மக்களை நிறுத்திப் படமெடுத்த காலம் அது. சேதுபதியின் படத்தில் பட்டம் முழுதும் எழுதப்பட்டது; சங்கு குளித்தவர் படத்தில் தொழிலும் சாதியும் மட்டும் எழுதப்பட்டன. இது என்னை ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. அந்தக் குறையை அரசு ஆவணங்களால் இனி நிரப்ப முடியாது. கொழும்புக்குத் தொழிலுக்குப் போனவர்கள் அங்குள்ள ஸ்டூடியோவில் கோட்டு அணிந்து, கையில் குடையோ கடிகாரமோ வைத்துக்கொண்டு எடுத்து ஊருக்கு அனுப்பிய படங்கள், நம் கடற்கரை வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. பெயர் தெரிந்த முன்னோரைப் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் தேட வேண்டும். தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி மின்னாக்கும் பணியில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஈடுபட்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ‘புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி’ என்று செல்பேசியில் வரும் படங்கள் உண்மையானவையா?
– கல்லூரி மாணவர், உச்சிப்புளி

பதில்: சில உண்மை, பல வேறு ஊர்த் துறைமுகங்களின் படங்கள். இரண்டை மட்டும் சோதியுங்கள். கூரையிழந்த மாதா கோயில் சுவரும், இடிந்த ரயில் நிலையச் சுவரும் தெரிந்தால், 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்குப் பிந்தைய படம்; மங்கலாக இருப்பதால் மட்டும் அது பழையதாகிவிடாது. பின்னணியில் மலையோ குன்றோ தெரிந்தால் அது தனுஷ்கோடியே அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாலங்களையும் துறைகளையும் படமெடுக்கக் கட்டுப்பாடு இருந்ததால், தனுஷ்கோடித் துறையின் நல்ல படங்களில் பெரும்பாலானவை 1939-க்கு முன்போ 1945-க்குப் பின்போ எடுத்தவையாகத்தான் இருக்க முடியும்.

கேள்வி: என் வாப்பாவின் தந்தையார் இளமையில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓரத்தில் வெள்ளி போலப் பளபளப்பும் ஏறியிருக்கிறது. பிரித்தெடுத்துச் சுத்தம் செய்யலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: பிரிக்கவே பிரிக்காதீர்கள், அம்மா. படத்தின் மேற்பரப்பில் உள்ள ஜெலட்டின், கடற்காற்றின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். நீரில் ஊறவைத்துப் பிரிக்கும் வேலையைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர் மட்டுமே செய்யலாம். ஓரத்துப் பளபளப்பு, படத்தில் உள்ள வெள்ளி மேலே வந்து படிந்தது. அதைத் துணியாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்கக் கூடாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒரு நல்ல நகல். சட்டத்தைத் திண்ணை நிழலில் சுவரோடு சாய்த்து, கேமராவுக்குப் பின்னால் கருப்புத் துணியை விரித்துப் பிடிக்கச் சொல்லி, பிளாஷ் இல்லாமல் நேராக எடுங்கள். துணி இருந்தால் எதிரொளி விழாது. பிறகு சட்டத்தைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாமல், உட்சுவரில், பின்னால் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிக் காற்றோட இடம்விட்டு மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காக்கும்போது இறக்கி இரும்பு பீரோவில் வைப்பது நல்லது. அந்துருண்டை போடாதீர்கள். லேமினேஷன் செய்து தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். சட்டமிடாத மற்ற படங்களை, பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பத்தில் ஒட்டாமல் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். இராமபாணப் பூச்சி வந்தால் உறையில்தான் முதலில் தெரியும்.

படத்தில் வேறு சிலரும் இருந்தால், வீட்டில் மூத்தவர்களிடம் நகலைக் காட்டி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயரையும், என்ன உறவு, எந்த ஊர் ஸ்டூடியோ என்பதையும் கேட்டு, நகலின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் மை மறுபக்கம் ஊறும். அழுத்தமும் முகத்தில் கோடாக விழும்.