ஞானப்பல் எடுக்கும் முன்

தம்பிக்கு ஃபேக்டர் எட்டு (ரத்தம் உறைய உதவும் புரதம்; இது பிறவியிலேயே குறைவாக இருப்பதுதான் ஹீமோஃபிலியா) 14 சதவீதம், ஞானப்பல் எடுக்க வேண்டும், "லேசான ஹீமோஃபிலியாதானே, பயமில்லை" என்கிறார் பல் டாக்டர் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். 5 முதல் 40 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு அன்றாடம் ஒன்றும் தெரியாது. பல் எடுத்தால்தான் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், சில சமயம் நின்றுபோய் மறுபடி ஆரம்பிக்கும்.

முதலில் ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள். ஃபேக்டர் எட்டின் அளவை ஏற்றும் டெஸ்மோபிரசின் என்ற மருந்தை முன்கூட்டியே ஒருமுறை கொடுத்து, ஃபேக்டர் அளவு ஏறுகிறதா என்று சோதிப்பார்கள். நன்றாக ஏறினால் ஃபேக்டர் ஊசியே தேவைப்படாமல் போகலாம். (டெஸ்மோபிரசின் போட்ட அன்று தண்ணீரை அளவாகத்தான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சோடியம் இறங்கிவிடும்.) கூடவே, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைச் சில நாள் கொடுப்பார்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும்; ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம்.

அப்புறம், கீழ்த்தாடை மரத்துப்போக ஆழமாகப் போடும் ஊசிக்கும், ரத்தம் கசியாமலிருக்க இதே முன்னேற்பாடு தேவை. பல் டாக்டரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.