கையுறையின் மேலேயே கிருமிநாசினி தேய்க்கலாமா?

கேள்வி: பொது மருத்துவ வார்டில் செவிலியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் போகும்போது கையுறையைக் கழற்றாமல், அதன் மேலேயே கிருமிநாசினி தேய்த்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறேன். மூத்தவர்கள் சிலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இது சரியா? கவசங்களைக் கழற்றும் வரிசையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், எதைப் பின்பற்றுவது? என்-95 முகக்கவசம் எப்போது தேவை? இதற்கிடையில் கைகளில் வெடிப்பும் எரிச்சலும் வேறு.

பதில்: முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது.

மருத்துவக் கையுறை மிக மெல்லிய படலம். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் புதிய கையுறையிலும் இருக்கக்கூடும். அணிந்து வேலை செய்யச் செய்ய அவை கூடும். ஆல்கஹால் பட்டால் அந்தப் படலம் மேலும் நலியும். கையுறையில் ஒட்டிய சளியும் இரத்தமும் கிருமிநாசினி தேய்ப்பதால் நீங்கிவிடுவதும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கையிருப்பு தீர்ந்த இடங்களில் வேறு வழியில்லாமல் இதை அனுமதித்தார்கள். தட்டுப்பாடு நீங்கியும் பழக்கம் நீங்கவில்லை. உங்கள் மூத்தவர்களிடம் நீங்கள் பார்ப்பது அதுவாக இருக்கலாம். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி. அதே நோயாளிக்கே அசுத்தமான இடத்திலிருந்து சுத்தமான இடத்துக்குப் போவதானால், உதாரணமாக மலம் துடைத்த பின் புண்ணுக்குக் கட்டுப் போடுவதானால், மறுபடியும் புதிய ஜோடி. கழற்றியதும் கை கழுவுதல்.

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்தபோது ஒரு காலை வேளையில் வார்டின் ஓரமாக நின்று ஒரே ஒரு செவிலியரின் வலது கையை மட்டும் கவனித்தேன். அந்தக் கை சிறுநீர்ப் பையைக் காலி செய்தது. கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தியது. திரைச்சீலையை இழுத்துவிட்டது. சொட்டு மருந்துக் கருவியின் பொத்தானை அழுத்தியது. பையிலிருந்து பேனாவை எடுத்துச் சிறுநீரின் அளவைக் குறித்தது. நழுவிய மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளியது. கையுறை கழன்றது அதற்குப் பிறகுதான். அவர் அலட்சியமானவர் அல்லர். அந்த வார்டில் நான் மிகவும் மதித்த செவிலியர்களில் ஒருவர். வெறுங்கையில் சிறுநீர் பட்டிருந்தால் அந்தக் கணமே குழாயடிக்கு ஓடியிருப்பார். கையுறை இருந்ததால் கை ஈரமாகவில்லை. ஈரமாகாததால் அழுக்கு என்ற உணர்வே வரவில்லை. கையுறையின் மிகப் பெரிய ஆபத்து இதுதான். உங்கள் தோலுக்கு அது காவல். நோயாளியைப் பொறுத்தவரை, கையுறை அணிந்த கை கழுவாத கையைப் போன்றது.

ஆகவே எல்லாவற்றுக்கும் கையுறை தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நாடி பார்க்க, இரத்த அழுத்தம் எடுக்க, காயமில்லாத தோலைத் தொட, சாப்பாடு ஊட்ட, சுத்தமான கை போதும். இரத்தம், உடல் திரவங்கள், வாய் மூக்கு போன்ற ஈரமான சவ்வுகள், காயமுள்ள தோல், இவை பட்ட பொருள்கள் ஆகியவற்றைத் தொடும்போது கையுறை கட்டாயம். இரத்தம் எடுக்கவும் ஊசிக்குழாய் பொருத்தவும் கட்டாயம்.

உங்கள் வெடிப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. முதலில் ஒரு பழைய செய்தி. 1889ஆம் ஆண்டை ஒட்டி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற அறுவை அரங்குச் செவிலியருக்குக் கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரச குளோரைடால் கைகள் புண்ணாகிவிட்டன. அவருக்காகவே அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்வித்தார். அறுவை அரங்கின் கையுறை நோயாளிக்காக அல்ல, ஒரு செவிலியரின் வெடித்த கைகளுக்காகப் பிறந்தது. உங்கள் கை வலி அற்பமான விஷயம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கை வெடிக்கப் பெரும்பாலும் காரணம் ஈரம். கழுவிய கை காயும் முன் கையுறையை மாட்டினால் சோப்பின் மிச்சமும் ஈரமும் உள்ளேயே அடைபட்டுத் தோலை அரிக்கும். மணிக்கணக்கில் ஒரே கையுறை என்றால் வியர்வையும் சேரும். கையை முழுவதும் உலரவிட்ட பிறகே அணியுங்கள். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது, ஒவ்வொரு முறையும் சோப்பு போடுவதைவிட ஈரப்பதம் காக்கும் பொருள் சேர்ந்த ஆல்கஹால் கிருமிநாசினி தோலுக்கு நல்லது. வெடித்த இடத்தில் முதலில் எரியும். அதனால்தான் பலர் அதை வெறுத்துச் சோப்புக்கே திரும்பி இன்னும் கெடுத்துக்கொள்கிறார்கள். பணி முடிந்ததும் களிம்பு தடவுங்கள். பணி நேரத்தில் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு வேண்டாம், அது கையுறை செய்யப் பயன்படும் லேட்டக்ஸ் ரப்பரைக் கெடுக்கும். கையுறை மாட்டிய சில நிமிடங்களில் தடிப்பு, அரிப்பு, தும்மல், மூச்சிரைப்பு வந்தால் கதையே வேறு. அது லேட்டக்ஸ் ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டி, லேட்டக்ஸ் இல்லாத நைட்ரைல் கையுறை கேட்டு வாங்குங்கள். வெடிப்பிலிருந்து நீர் கசிந்தாலும் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். தோல்தான் முதல் கவசம்.

இனி எதை எப்போது அணிவது என்பது. நோயாளியின் பெயரையோ நோயையோ மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செய்யப்போகும் வேலையைப் பாருங்கள். கை எதைத் தொடும், எது எங்கே தெறிக்கும், இந்த நோய் காற்றில் மிதந்து பரவுமா என்று கட்டிலை நெருங்கும் முன் மனத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நோய் எதுவென்றே தெரியாத ஒருவருக்குச் சளி உறிஞ்சி எடுக்கும்போது அவர் இருமினால் நேராக உங்கள் கண்ணில் தெறிக்கும். அங்கே கையுறையோடு முகக்கவசமும் கண் கவசமும் வேண்டும். உடை நனையும் என்றால் மேலங்கியும் வேண்டும். மூக்குக் கண்ணாடி கண் கவசம் ஆகாது. பக்கவாட்டிலும் மேலேயும் திறந்திருக்கிறது.

காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகிய மூன்றும் காற்றில் மிதந்து பரவுபவை. அந்த அறைக்குள் நுழையும் முன்பே என்-95. இன்ஃப்ளுயென்சா, கக்குவான், புட்டாளம்மை போன்றவற்றுக்கு வழக்கமான கவனிப்பில் அறுவை முகக்கவசம் போதும். குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கு என்றால் மேலங்கியும் கையுறையும் அணியுங்கள். வெளியே வந்ததும் சோப்பும் தண்ணீரும்தான். அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது.

என்-95 நுண்துகளில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும், முகத்தோடு பொருந்தினால். பொருந்தாவிட்டால் காற்று வடிகட்டியை விட்டுவிட்டு ஓர இடுக்கு வழியாகவே உள்ளே வரும். மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திப் படியவையுங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாகி இரு பக்கமும் இடைவெளி விழும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் மூடி மூச்சை விட்டுப் பாருங்கள். கண்ணருகே காற்று உணர்ந்தால் மறுபடியும் சரிசெய்யுங்கள். இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். தாடி வைத்திருக்கும் சக ஊழியருக்கு இது பொருந்தவே பொருந்தாது. இதன் மேல் கிருமிநாசினி தெளிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இதன் இழைகளில் ஏற்றப்பட்ட நிலைமின்சாரம்தான் துகள்களை ஈர்த்துப் பிடிக்கிறது. ஆல்கஹால் அந்த மின்னேற்றத்தை அழித்துவிடும். பார்வைக்கு மட்டும் புதிதுபோலவே இருக்கும்.

கழற்றும் வரிசைக்கு வருகிறேன். நீங்கள் கேட்டவற்றில் என்னை அதிகம் கவலைப்படவைத்தது இதுதான். ஒரு பயிற்சியில் செவிலியர்களின் கையுறையிலும் மேலங்கியிலும் புற ஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் குழம்பைத் தடவி, வழக்கம்போலக் கழற்றச் சொன்னோம். பிறகு விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினோம். பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவரின் மணிக்கட்டில் வளையல்போல ஒரு கீற்று ஒளிர்ந்தது. கழுத்தில், காதுக்குக் கீழே, நான்கு விரல் தடம். மேலங்கியின் முடிச்சைக் கையுறையோடே அவிழ்த்திருக்கிறார். யாரும் பேசவில்லை. அவர் தன் கழுத்தைக் கைக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதே முறையில் நடந்து 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 435 முறை கழற்றியதில் 200 முறை தோலிலோ உடையிலோ குழம்பு ஒட்டியிருந்தது. முறையாகக் கழற்றியபோது இப்படி ஒட்டிய விகிதம், முறை தவறிக் கழற்றியபோது இருந்ததில் பாதிக்கும் குறைவு.

ஆளுக்கொரு வரிசை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே இரண்டு முறைகளைத் தருகிறது. ஒன்றில் முதலில் கையுறை, பிறகு கண் கவசம், பிறகு மேலங்கி, கடைசியில் முகக்கவசம். மற்றொன்றில், ஒருமுறை பயன்படுத்தும் மேலங்கியை முன்பக்கம் பிடித்து இழுத்து முடிச்சை அறுத்து, உள்புறம் வெளியே வரச் சுருட்டும்போதே கையுறையும் சேர்ந்து கழன்றுவிடும். பிறகு கண் கவசம், கடைசியில் முகக்கவசம். இரண்டும் சரி. உங்கள் வார்டில் துவைத்துப் பயன்படுத்தும் துணி மேலங்கி என்றால் முதல் முறைதான் முடியும். உங்கள் மருத்துவமனை எதை எழுதிவைத்திருக்கிறதோ அதையே எல்லாரும் பின்பற்றட்டும். எந்த முறையிலும் முகக்கவசம் கடைசி. என்-95 என்றால் அறையை விட்டு வெளியே வந்து, கதவை மூடிய பிறகுதான். இடையில் கையில் ஏதாவது பட்டதாகத் தோன்றினால் அங்கேயே நிறுத்திக் கையைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடருங்கள்.

கையுறையை எப்படிக் கழற்றுவது? ஒரு கையின் உள்ளங்கைப் பகுதியில் கையுறையை மட்டும் கிள்ளி, உள்புறம் வெளியே வரும்படி உரியுங்கள். உரித்ததை இன்னும் கையுறை இருக்கும் கையில் சுருட்டிப் பிடியுங்கள். இப்போது வெறுங்கையின் விரலை மற்றக் கையுறைக்குள், மணிக்கட்டுத் தோலை ஒட்டி நுழைத்து, முதல் கையுறையை உள்ளே பொதிந்தபடி உரித்து எறியுங்கள். சுண்டி இழுக்காதீர்கள், துளிகள் தெறிக்கும். மேலங்கியின் முன்பக்கமும் கைப்பகுதியும் அழுக்கு. முடிச்சை அவிழ்த்து, கழுத்தருகிலிருந்து உள்பக்கமாகவே பிடித்துச் சுருட்டுங்கள். கண் கவசத்தைப் பின்புறப் பட்டையால் எடுங்கள். முகக்கவசத்தின் முன்பக்கத்தைத் தொடாமல் கீழ்ப் பட்டை, பிறகு மேல் பட்டை. முடிவில் கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. பணி முடியும் நேரத்தில்தான் அவசரம் வரும். அந்த ஒரு நிமிடத்தில் நிதானமாக இருங்கள். முடிந்தால் ஒரு தோழியைக் கதவருகே நிற்கவைத்து, நீங்கள் கழற்றுவதைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. கையுறை ஊசியைத் தடுக்காது. குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அப்போதே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டீர்களா? கடைசித் தவணைக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்த்து, அது மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகாவது இருப்பதை உறுதிசெய்திருக்க வேண்டும். அந்தச் சீட்டு உங்கள் கையில் இல்லையென்றால், இந்த வாரமே ஊழியர் நலப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள்.