‘பிக் அப்’ என்ற ஒரே ஆங்கில வினைக்கு எப்படி இத்தனை அர்த்தம்? எதை எங்கே பயன்படுத்துவது?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: அகராதியைத் திறந்தால் ‘பிக் அப்’புக்கு வரிசையாக அர்த்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தூக்குவதும் அதுதான், போனை எடுப்பதும் அதுதான், சளி பிடிப்பதும் அதுதான், கைது செய்வதும் அதுதான். மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. அந்த வினைக்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அது பொருளா, ஆளா, பழக்கமா, நோயா, ஒலியா என்று பாருங்கள். முக்கால்வாசிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். மீதி, நம்மூர் ஆங்கிலம் ‘அப்’பை விழுங்கிவிடுவதால் வருவது.

தமிழ் பேசும்போது இந்த வேறுபாட்டை நாம் தன்னால் சரியாகவே கையாள்கிறோம். “அக்காவ ஸ்டேஷன்ல பிக்கப் பண்ணிட்டு வா” என்கிறோம். “தீபாவளி நெருங்குனா வியாபாரம் பிக்கப் ஆயிடும்” என்கிறோம். ‘பண்ணு’ வந்தால் செயப்படுபொருள் உண்டு, ‘ஆகு’ வந்தால் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம்: ‘பிக் அப் யுவர் சிஸ்டர்’, ‘சேல்ஸ் வில் பிக் அப்’. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘ஆகு’ மனதில் ஓடிக்கொண்டிருப்பதால் ‘சேல்ஸ் காட் பிக்ட் அப்’, ‘தி மார்க்கெட் இஸ் பிக்ட் அப்’ என்று அலுவலக மின்னஞ்சலில் எழுதிவிடுகிறார்கள். சூடு பிடித்தது, தேறியது, வலுத்தது என்ற பொருளில் இந்த வினைக்குச் செயப்பாட்டு வினை கிடையாது. ‘சேல்ஸ் ஹேவ் பிக்ட் அப்’ என்றால் போதும். காற்று வலுத்தால் ‘தி விண்ட் இஸ் பிக்கிங் அப்’. கால்வலியோடு நடந்தவர் நடையை எட்டிப் போட்டால் ‘ஹிஸ் பேஸ் பிக்ட் அப்’. படுத்திருந்தவர் தேறி வந்தால் ‘ஹிஸ் ஹெல்த் இஸ் பிக்கிங் அப்’. இவை எல்லாமே குறைவிலிருந்து கூடுதலுக்குப் போவதைச் சொல்பவை. ‘அப்’ இங்கே வெறும் ஏற்றம்.

செயப்படுபொருள் இருக்கும் பக்கம்தான் பெரிய குடும்பம். அடிப்படை ஒன்றுதான்: கீழே, தூரத்தில், அல்லது வேறிடத்தில் இருப்பது நம் கைக்கு வருகிறது. தரையில் கிடக்கும் பேனாவை எடுத்தாலும், கூரியர் அலுவலகத்தில் பார்சலை வாங்கினாலும், பள்ளி வாசலில் பிள்ளையை அழைத்துக்கொண்டாலும், வரும் வழியில் பால் பாக்கெட் வாங்கினாலும் ‘பிக் அப்’. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். ‘ஐ வில் பிக் அப் சம் மில்க்’ என்றால் போகிற போக்கில் வாங்கிவருவது. திட்டம் போட்டு, கடை கடையாக ஏறி இறங்கி வாங்கும் கல்யாணப் பட்டுக்கு அது பொருந்தாது. அங்கே ‘பை’ என்றுதான் வரும். வீடு, கார் போன்றவற்றுக்கு ‘பிக் அப்’ சொன்னால், பெரிய விஷயத்தைச் சிறிதாகக் காட்டிக்கொள்ளும் தொனி வந்துவிடும். மலிவாகக் கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் அப்படிப் பயன்படுத்துவார்கள்.

இதே ‘போகிற போக்கில்’ என்ற நிறம்தான் கற்றலுக்கும் நோய்க்கும் நீள்கிறது. பெங்களூரில் வேலை பார்த்தபடியே காதில் விழுந்து விழுந்து வந்த கன்னடத்துக்கு ‘பிக்ட் அப் கன்னடா’ சரி. நான்கு வருடம் கல்லூரியில் படித்த சிவில் இன்ஜினியரிங்குக்குச் சரிவராது. நேர்முகத் தேர்வில் அப்படிச் சொன்னால் ‘முறையாகப் படிக்கவில்லை போல’ என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். நோயிலும் அப்படியே: சளி, வைரஸ், வயிற்றுத் தொற்று, இவையெல்லாம் வெளியிலிருந்து நம்மிடம் ஒட்டிக்கொள்பவை. ‘ஐ பிக்ட் அப் எ கோல்ட்’ என்னலாம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவை எங்கிருந்தும் ஒட்டுவதில்லை, எனவே அவற்றுக்கு இந்த வினை இல்லை. ‘ஐ பிக்ட் அப் சுகர்’ என்றால் மளிகைக் கடைக்குப் போய்வந்ததாகத்தான் அர்த்தம்.

ஒலி, வாசனை, சிக்னல் என்று வந்தால் ‘பிக் அப்’ என்பது உணர்ந்து பிடிப்பது. மோப்ப நாய் வாடையைப் பிடிக்கிறது, மைக் பக்கத்து அறைச் சத்தத்தையும் பிடிக்கிறது, கேமரா அசைவைப் பிடிக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பாகத்துக்கு ‘பிக்கப்’ என்று பெயர் வந்ததும் இதனால்தான். காந்தத்தைச் சுற்றி முடி போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். மேலே உலோகத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. தந்தியின் அதிர்வை அது ‘பிடித்து’ ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறது. 1954-இல் வந்த ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரில் இப்படி மூன்று. நைலான் தந்தி போட்டால் இந்தப் பிக்கப் ஊமை. நைலானுக்குக் காந்தத்தைச் சீண்டத் தெரியாது.

போனுக்கு வருவோம். பழைய தொலைபேசியில் ரிசீவரைத் தாங்கியிலிருந்து தூக்கினால்தான் இணைப்பு கிடைக்கும்; அதனால் ‘பிக் அப்’. அதற்கும் முந்தைய கருவிகளில் ரிசீவரைக் கொக்கியில் தொங்கவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். அதனால் ‘ஹேங் அப்’. இன்று கண்ணாடியில் விரலைத் தேய்க்கிறோம், சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தப் பொருளில் செயப்படுபொருளை விட்டுவிடலாம் என்பதுதான் முக்கியம். ‘ஹி டிட்ன்ட் பிக் அப்’ முழுமையான வாக்கியம். எதை எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நம்மூரில் ‘ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்’ என்பதே வழக்கு. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும், தகராறு இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசுபவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது. ‘அப்’ இல்லாத ‘பிக்’குக்குத் தேர்ந்தெடு, பறி என்றுதான் பொருள். ‘பிக் தி போன்’ என்றால் கடையில் நாலு போனை வரிசையாக வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது போல இருக்கும். போனுக்கு ‘பிக் அப்’, அழைப்புக்கு ‘ஆன்சர் மை கால்’ என்று வைத்துக்கொண்டால் தவறே வராது. கூடவே ‘டோன்ட் கட் தி கால்’ என்பதற்கு ‘டோன்ட் ஹேங் அப்’.

இதே கதைதான் ‘ஐ வில் பிக் யூ அட் ஃபைவ்’ என்பதற்கும். சொல்பவர் நினைப்பது, 5 மணிக்கு வந்து அழைத்துப்போகிறேன். கேட்பவர் காதில், 5 மணிக்கு உன்னை டீமில் தேர்ந்தெடுக்கிறேன். ‘ஐ வில் பிக் யூ அப் அட் ஃபைவ்’ என்று ‘அப்’பைச் சேர்த்தே ஆக வேண்டும். விளம்பரப் பலகைகளில் வரும் ‘பிக் அண்ட் டிராப்’ வசதியும் வெளிநாட்டில் ‘பிக்கப் அண்ட் டிராப்-ஆஃப்’. பூவுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் கவனம் வேண்டும்: செடியிலிருந்து பறித்தால் ‘பிக்’, தரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினால் ‘பிக் அப்’. மல்லிகைக்கு முதலாவது, விடியலில் மரத்தடியில் கிடக்கும் பவழமல்லிக்கு இரண்டாவது.

இப்போது ‘அப்’ எங்கே உட்கார வேண்டும் என்பது. செயப்படுபொருள் பெயராக இருந்தால் இரண்டு இடமும் சரி: ‘பிக் அப் தி கிட்ஸ்’, ‘பிக் தி கிட்ஸ் அப்’. ஹிம், ஹெர், இட், தெம், மீ போன்ற புரோநவுனாக இருந்தால் நடுவில்தான் வர வேண்டும். ‘பிக் தெம் அப்’ சரி, ‘பிக் அப் தெம்’ தவறு. பேச்சிலும் அப்படித்தான். செயப்படுபொருள் நீண்டுவிட்டால் ‘அப்’பை முன்னாடியே சொல்லி முடித்துவிடுங்கள், ‘நேற்று கோவையிலிருந்து வந்த அந்தப் பெரிய பார்சல்’ முழுவதையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ‘அப்’ போட்டால், கேட்பவர் அதற்குள் வினையையே மறந்திருப்பார். ‘பிக் அப் ஸ்பீட்’ போன்ற இறுகிய தொடர்களைப் பிரிக்காமல் விடுவதே இயல்பு. ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகள் பலவற்றில் வினைக்கும் ‘அப்’புக்கும் நடுவே இருமுனை அம்புக்குறி இருக்கும். இரண்டு இடமும் செல்லும் என்பதற்கான அடையாளம் அது. பலர் அதை அச்சு அலங்காரம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உண்மையிலேயே வம்பில் மாட்டிவிடுவது, கூட ஒரு ‘ஆன்’ சேரும்போது. ‘ஷி பிக்ட் அப் ஆன் மை மிஸ்டேக்’ என்றால் என் பிழையை அவர் கவனித்துவிட்டார். வாய் திறந்து சொன்னாரா என்பது தெரியாது. ‘ஷி பிக்ட் மீ அப் ஆன் மை மிஸ்டேக்’ என்றால் பிழையை முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டினார். இது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. ‘அப்’ போய் ‘ஷி பிக்ட் ஆன் மீ’ என்றாகிவிட்டால், வேண்டுமென்றே என்னைக் குறிவைத்துச் சீண்டினார். மேலாளர் பிழை திருத்தியதை மூன்றாவது வடிவத்தில் ஹெச்.ஆர்.-க்கு எழுதினால் அது புகாராகிவிடும்.

ஆளைச் செயப்படுபொருளாக வைக்கும்போதும் கொஞ்சம் நிதானம் தேவை. வண்டியில் ஏற்றிக்கொள்வது ஒன்று. போலீஸ் பிடித்துப்போவது இன்னொன்று. முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுத்து மயக்கப் பார்ப்பது மூன்றாவது. ‘ஹி பிக்ட் அப் எ கேர்ள்’ என்று மொட்டையாக விட்டால் பெரும்பாலானோர் மூன்றாவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உறவை அல்லது பதவியைச் சொல்லி, எங்கிருந்து என்பதையும் சேர்த்துவிட்டால் அந்த வாடை போய்விடும்: ‘ஹி பிக்ட் அப் ஹிஸ் நீஸ் ஃப்ரம் ஸ்கூல்’. கடிதங்களில் சங்கடமே வேண்டாம் என்றால் ‘கலெக்ட்’ இருக்கிறது. அடையாள அட்டை, சான்றிதழ், பார்சல் எல்லாவற்றுக்கும் அது மரியாதையாக நிற்கும். பிரிட்டனில் ஆட்களை அழைத்துவரக்கூடச் சாதாரணமாக அதைச் சொல்வார்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஹோட்டல் பில்லை ஒருவரே கட்டினால் ‘பிக் அப் தி பில்’, அமெரிக்காவில் ‘பிக் அப் தி டேப்’. நேற்று நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தால் ‘பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்’; கூட்டங்களைத் தொடங்க இதைவிட வசதியான வாக்கியம் இல்லை. அமெரிக்கத் தாய் ‘பிக் அப் யுவர் ரூம்’ என்றால் அறையைத் தூக்கச் சொல்லவில்லை, ஒழுங்குபடுத்தச் சொல்கிறார். நாயை நடத்திச் செல்லும் பூங்காவில் ‘பிக் அப் ஆஃப்டர் யுவர் டாக்’ என்ற பலகை இருந்தால், அது போட்டதை நீங்கள் அள்ள வேண்டும் என்று பொருள்.

“வண்டியில பிக்கப் இல்ல” என்று மெக்கானிக்கிடம் சொல்கிறோமே, அந்தப் பொருள் அமெரிக்க ஆங்கிலத்தில் உண்டு. பிரிட்டனில் ‘ஆக்ஸிலரேஷன்’ என்றுதான் பேச்சு. சரக்கு வண்டிக்கான ‘பிக்கப்’ அமெரிக்காவில் வேரூன்றிய பெயர். ஃபோர்டு 1925-இலேயே மாடல் டி காரைப் பின்னால் திறந்த சரக்குப் பெட்டியோடு ‘பிக்-அப்’ என்ற பெயரில் விற்றது. நம்மூரில் பொலிரோ பிக்கப்புக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. டாடா ஏஸுக்கு மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், அதுவே மேல்.

உச்சரிப்பில் இரண்டு கவனிக்க வேண்டியவை. இறந்தகாலம் ‘பிக்கெட் அப்’ அல்ல, ‘பிக்ட் அப்’. சேர்த்துப் பேசும்போது ‘பிக்டப்’ என்றே விழும். ‘பிக் இட் அப்’ மூன்று சொல்லாக நிற்காமல் ‘பிக்கிட்டப்’ என்று ஓடும், காதுக்குப் பழகாவிட்டால் புதுச்சொல் போலிருக்கும். அழுத்தம் பெயர்ச்சொல்லில் முதல் அசையில்: ‘*பிக்*கப்’. வினையில் அது பின்னால் போகும்: ‘பிக் இட் *அப்*’. எழுத்திலும் அதே பிரிவு. வாகனம், ஏற்றுமிடம், கிட்டார் பாகம் ஆகியவை பெயர், ஆங்கிலத்தில் சேர்த்தோ நடுவில் சிறு கோடிட்டோ எழுதலாம். வினையாக வரும்போது எப்போதும் இரண்டு தனிச்சொற்கள். கேப் முன்பதிவுச் செயலியில் ‘பிக்கப் பாயின்ட்’ சேர்ந்திருக்கும். ஓட்டுநருக்கு நீங்கள் அனுப்பும் ‘ப்ளீஸ் பிக் மீ அப் அட் தி சிக்னல்’ செய்தியில் பிரிந்தே இருக்க வேண்டும்.