மீன் குட்டைக்கு ஆட்டோமேட்டிக் தீவன மெஷின் வாங்கி வெச்சா போதுமா? பராமரிப்பு எப்படி?

வாங்கலாங்க, ஆனா "ஒரு தடவ செட் பண்ணிட்டா வாரக் கடைசியில வந்து பாத்துக்கலாம்ல"ன்னு கேட்டிருக்கீங்களே, அதுக்காக வாங்காதீங்க. 40 சென்ட் குட்டை, 2,000 கிஃப்ட் ரக ஜிலேபி மீன் (திலாப்பியா), உங்களுக்கு வெளியூர்ல வேலை, அப்பாவால கரை வரைக்கும் நடந்து வர முடியும் ஆனா மூணு வேளையும் தீவனம் தூக்கி வீச முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. அப்பா தினமும் ஒரு வேளை மீன் சாப்பிடுறப்ப பக்கத்துல நிப்பாருன்னா தாராளமா வாங்குங்க. யாருமே வரமாட்டாங்கன்னா வேண்டாம். மன்னார்குடி பக்கம் நானும் ஜிலேபிதான் வளக்குறேன், மெஷின் வெச்சுத்தான் வளக்குறேன், அதனால சொல்றேன்.

மெஷினுக்கு வீசத்தான் தெரியும், மீன் சாப்பிடுதான்னு பாக்கத் தெரியாது. நல்ல பசியில இருக்குற ஜிலேபி தீவனம் விழுந்த உடனே தண்ணியே கொதிக்குற மாதிரி மேல வரும், வால் அடிக்குற சத்தம் கரை வரைக்கும் கேக்கும், பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஒரு உருண்டை கூட மிதக்காது. உடம்பு சரியில்லன்னா, ஆக்சிஜன் கொறஞ்சிருந்தா, சும்மா வாயில வாங்கி துப்பிட்டுப் போகும், இல்ல மேலயே வராது. அன்னைக்கும் மெஷின் அதே அளவுதான் வீசும். மிச்சம் ஊறி அடியில போய் அழுகி அமோனியா ஏறும், அடிச்சேறு கறுத்து நாறும், அதுக்கப்புறம் இருக்குற பசியும் போயிடும். மீன் வளர்ப்புல செலவுல பாதிக்கு மேல தீவனம்தான், அது தண்ணியில அழுகுறத பாத்தா வயிறு எரியும்.

அப்ப எதுக்கு மெஷின்னு கேப்பீங்க. ஜிலேபிக்கு இரைப்பை சின்னது, ஒரே நேரத்துல நெறைய கொட்டுறத விட கொஞ்சம் கொஞ்சமா பல தடவ குடுத்தா நல்லா செரிக்கும், ஒரே சீரா வளரும். கையால நாலஞ்சு தடவ போட யாருக்கும் முடியாது, மெஷினுக்கு முடியும். அதோட உண்மையான லாபம் இதுதான்.

டைமர் செட் பண்றப்ப விடியக்காலம் 6 மணின்னு வெக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். ராத்திரி பூரா பாசி ஆக்சிஜன் தயாரிக்காது, அதுவும் மீனும் சேந்து இருக்குறத இழுக்கும், விடியுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தண்ணியில ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா இருக்கும். வெயில் ஏறி எட்டரை ஒம்பதுக்கு முதல் தடவ, சாயங்காலம் அஞ்சுக்குள்ள கடைசி தடவ. வானம் மூடாக்கு போட்ட நாள்ல பாதி அளவு, அடைமழைன்னா சுவிட்ச ஆஃப் பண்ணிடுங்க, ஒரு நாள் பட்டினி கெடந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாது. தண்ணிக்குக் காத்து ஏத்துற ஏரேட்டர் இருந்தா தீவனம் போடுற நேரத்துல நிறுத்திட்டு சாப்பிட்டு முடிச்சதும் போடுங்க, இல்லன்னா அது தள்ளுற தண்ணியில மிதவைத் தீவனம் எல்லாம் ஒரு மூலைக்குப் போயிடும். இன்னொண்ணு, சில டைமர்ல கரண்ட் போயிட்டு வந்தா கடிகாரம் 12 மணியிலேர்ந்து திரும்ப ஓட ஆரம்பிக்கும், அப்புறம் நடு ராத்திரியில வீசிக்கிட்டு இருக்கும், உள்ள பட்டன் பேட்டரி இருக்குற டைமரா பாத்து வாங்குங்க.

அளவு எப்படின்னா, மீன் சராசரி 100 கிராம்னா 2,000 மீனுக்கு 200 கிலோ, அதுல 3 சதவீதம்னா ஒரு நாளைக்கு 6 கிலோ. கிஃப்ட் 1988-ல பிலிப்பைன்ஸ்ல ஆரம்பிச்சு தலைமுறை தலைமுறையா நல்லா வளர்றதா பொறுக்கி எடுத்து உருவாக்குன ரகம், வேகமா ஏறும், அதனால இந்தக் கணக்கு ரெண்டு வாரத்துல பழசாயிடும். 150 கிராம் ஆயிடுச்சுன்னா அதே 3 சதவீதத்துக்கு 9 கிலோ வேணும், கால் கிலோ தாண்டினா 2 சதவீதம் போதும். 15 நாளைக்கு ஒருக்கா வீச்சு வலை போட்டு கொஞ்சம் மீன் எடுத்து நிறுத்துப் பாத்துட்டு மாத்துங்க. நீங்க ஊருக்கு வர்ற நாள இதுக்கு வெச்சுக்கங்க.

6 கிலோன்னு முடிவு பண்ணியாச்சு, மெஷினுக்கு அத எப்படி சொல்றது? அதுக்கு கிலோ தெரியாது, செகண்டுதான் தெரியும். மெஷின்ல தீவனம் வர்ற வாய்க்குக் கீழ ஒரு சாக்கப் புடிச்சு 10 செகண்ட் ஓட விட்டு விழுந்தத தராசுல போடுங்க, மூணு தடவ பண்ணி சராசரி எடுங்க. கம்பெனிக்காரங்க அட்டையில போட்டிருக்குற கணக்க நம்பாதீங்க. 2 மில்லிமீட்டர் தீவனத்துலேர்ந்து 3, 4-ன்னு மாத்துறப்ப எல்லாம் திரும்ப நிறுக்கணும், உருண்டை பெருசானா விழுற எடை மாறும்.

இனி பராமரிப்பு. மொத எதிரி ஈரம். ஐப்பசி கார்த்திகையில காத்துல இருக்குற ஈரத்துக்கே தீவனம் நமுத்துப் போயி, மெஷின்ல தீவனம் கொட்டி வெக்குற டிரம்முக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வளைவா நின்னுக்கும். மேலேர்ந்து பாத்தா தீவனம் இருக்கும், கீழ மோட்டார் சும்மா சுத்தும், மீனுக்கு ஒண்ணும் போயிருக்காது. அதனால மழைக்காலத்துல ஒரு நாளைக்கு வேண்டியத மட்டும் கொட்டுங்க, மூடி ஓரத்துல ஈரம் போகாம ரப்பர் பட்டை போடுங்க. தீவன மூட்டை அடியில தங்குற பொடிய சலிச்சுட்டுப் போடுங்க, அந்தப் பொடிதான் வாயில போய் சிமெண்ட் மாதிரி இறுகும். வாரம் ஒருக்கா டிரம்ம காலி பண்ணி காஞ்ச பிரஷ்ஷால தேச்சு எடுங்க, தண்ணி ஊத்திக் கழுவினா வெயில்ல நல்லா காயுற வரைக்கும் தீவனம் போடாதீங்க. பூசணம் புடிச்ச தீவனத்த காய வெச்சு திரும்பப் போடவே போடாதீங்க, பூசணம் விடுற அஃப்ளாடாக்சின் நஞ்சு வெயில்ல முழுசா போகாது, மீனோட ஈரல் கெட்டுப் போகும்.

அடுத்து எலி. ஒயர வெளியில தொங்க விட்டா கடிச்சுடும், பிவிசி பைப்புக்குள்ள விட்டுக் கொண்டு போங்க, ஸ்டாண்டு கால்ல தகரத்த கூம்பா சுத்தி வெச்சா ஏறாது. கொஞ்ச நாள் ஓட்டாம வெச்சா தீவனம் வர்ற வாயில குளவி மண் கூடு கட்டிடும், சர்க்யூட் போர்டு பெட்டிக்குள்ள பல்லியும் எறும்பும் போகும், பெட்டியில ஒயர் நுழையுற ஓட்டைய சிலிகான் வெச்சு அடைங்க.

சோலார்ல ஓடுற 12 வோல்ட் மெஷினா இருந்தா பேனல் மேல காக்கா எச்சத்த துடைச்சு விடுங்க, பேட்டரி முனையில பச்சையா வெள்ளையா பூத்தா வெந்நி ஊத்தித் துடைச்சு வேசலின் தடவுங்க. காலையில வெயில் வர்றதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல 12-க்குக் கீழ காட்டுச்சுன்னா சார்ஜ் பத்தலன்னு அர்த்தம், அப்படியே ஓட்டினா பேட்டரி சீக்கிரம் செத்துடும். வீட்டுக் கரண்டுன்னா கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்குற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாம கரைக்கு ஒயர் இழுக்கவே கூடாது. ஈரக்காலோட அப்பா நிக்கப் போற எடம், இதுல காசு பாக்காதீங்க.

மெஷின காத்து வர்ற பக்கத்துக் கரையில வெச்சாத்தான் தீவனம் நடுக்குட்டைக்குப் போகும். ஆடியில மேல்காத்து, ஐப்பசிக்கு மேல வாடை, ரெண்டுக்கும் ஸ்டாண்ட மாத்த முடியலன்னா எதிர்க்கரையில பிவிசி பைப்ப ரெண்டு முனையும் அடைச்சு தடுப்பா மிதக்க விடுங்க, கரையில ஒதுங்காது. மணியடிச்ச மாதிரி ஒரே எடத்துல மீன் கூடுறத நீர்க்காக்காவும் கொக்கும் சீக்கிரமே கத்துக்கும், அந்த எடத்துக்கு மேல மட்டுமாவது வலை கட்டுங்க.

கட்லா ரோகு வளக்குறவங்க தவிடும் கடலைப் புண்ணாக்கும் இதுல போடலாமான்னு கேக்குறாங்க, முடியாது, அடைச்சுக்கும். அதுக்கு ஆந்திராவுல கொல்லேறு ஏரி பக்கம் பண்ற மாதிரி சாக்குல ஓட்டை போட்டு மூங்கில்ல கட்டித் தொங்க விடுறதுதான் சரி. மெஷினுக்கு காஞ்ச உருண்டைத் தீவனம் மட்டும்தான்.

அப்பாவுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க. காலையில முதல் தடவ வீசுறப்ப நின்னு பாத்து, கால் மணி நேரம் கழிச்சும் தீவனம் மிதந்தா சுவிட்ச அணைச்சுட்டு உங்களுக்கு போன் பண்ணட்டும். வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட மோட்டாரும் சர்க்யூட் போர்டும் தனியா கிடைக்குமான்னு கேளுங்க, இல்லன்னு சொன்னா வேற கடை பாருங்க.